றால் லாரியில் ஒரு குழந்தை

பெரியதாழைக்கு வெளியே பஸ் பஞ்சராகி நிற்கிறது. கத்திரி வெயில். சட்டையைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் என் வழுக்கையில் கவிழ்த்துக்கொண்டு, பெரிய தியாகி மாதிரி முனகுகிறேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் கம்பளி சுற்றிய கைக்குழந்தை.

"காய்ச்சல் அண்ணாச்சி. மேலெல்லாம் கொதிக்கி. காத்துப் படக் கூடாதுல்லா?"

தொட்டுப் பார்க்கிறேன். பொட்டு வியர்வை இல்லை, கண் செருகியிருக்கிறது.

"எம்மா, இது வெயில் அடிச்சது. மொதல்ல கம்பளிய எடு."

ஈரம் சொட்டும் என் தொந்தியை அவள் சந்தேகமாகப் பார்க்கிறாள். ஆனாலும் எடுக்கிறாள். ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. கடற்கரையில் றால் ஏற்றும் லாரியைப் பார்த்து, ஐஸ் கேட்டு ஓடுகிறேன். றால் கப்பலேறத் தொடங்கியபின் இங்கே ஐஸெல்லாம் றாலுக்குத்தான்.

"உம்ம உடம்புக்கு ஒரு லாரி ஐஸ்லா வேணும்!" என்று சிரிக்கிறான் டிரைவர். பின்னாலேயே வந்தவளின் கையில் குழந்தையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. பெட்டியைத் திறந்து ஐஸை அள்ளி, துண்டில் கட்டி, குழந்தையின் கழுத்திலும் கக்கத்திலும் வைக்கிறான்.

"ஏறுக்கா, ஆஸ்பத்திரிக்கு விடுதேன்."

பெட்டிகளுக்கு நடுவே அவள் உட்காருகிறாள். லாரி கிளம்புகிறது. பஸ்ஸில் பிள்ளை அழுதால் முகம் சுளிக்கிற ஆள் நான். ஒரு சிணுங்கலாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். லாரி மறையும்வரை இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.