இஞ்சைதான் நகரம் கிடக்கும்

அருள்ராணியை எனக்கு நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த நாளிலிருந்தே தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்து மயிலிட்டிக்காரி. வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். ஒஸ்லோவுக்கு வந்தும் வருடக்கணக்காய் அலுவலகங்களைத் துடைத்தவள், இனி முழங்கால் தாங்காது என்றானதும், 2005இல், சுற்றுலா வழிகாட்டி வேலைக்குக் கேட்டாள். அது கிடைக்காவிட்டால் திரும்பவும் வாளியும் தும்புத்தடியும்தான்.

சோதனைச் சுற்றுக்கு வந்தவர்கள் சென்னைக் கணினிப் பொறியாளர்கள். முதலாளி தூரிட் பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. துணைக்கு நானும் போயிருந்தேன்.

தரையைச் சுட்டிக்காட்டும் கையுறை போட்ட கையின் சிலையருகே அருள்ராணி தொடங்கினாள். 1624இல் பழைய ஒஸ்லோ எரிந்து சாம்பலானது. நாலாம் கிறிஸ்தியான் மன்னர் கோட்டையடியில் நேர்நேரான தெருக்களோடு புதிய நகரத்துக்குத் திட்டம் போட்டு, தன் பெயரையே அதற்கு வைத்தார்.

"ராசா விரலை நீட்டி, 'இஞ்சைதான் நகரம் கிடக்கும்' எண்டு சொன்னவராம்."

நோர்வேஜிய மொழியிலும் நகரம் 'கிடக்கும்'தான். எங்கள் ஊர்ப் பேச்சிலும் இருப்பதெல்லாம் கிடக்கும். சென்னைக்காரர்களோ குபீரென்று சிரித்தார்கள்.

"நகரம் எப்படிங்க கிடக்கும்? கேட்பாரில்லாம கிடக்கிறதைத்தானே நாங்க அப்படிச் சொல்லுவோம்!" என்றாள் சிவகாமி என்ற பெண்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூரிட்டின் முகம் சுருங்கியது. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன்.

அருள்ராணி கோபிக்கவில்லை. "அப்பிடியும் சொல்லலாம் பிள்ளை. எரிஞ்ச இடத்திலை திரும்பக் கட்டக்கூடாதெண்டு ராசா சனத்தை மறிச்சுப்போட்டார். அவையின்ரை காணியள் சும்மா கிடந்தது. மயிலிட்டியிலை என்ரை வீடும் அப்பிடித்தான் கிடக்கு. சண்டைக்கை ஊரைப் பிடிச்ச ஆமி, பதினைஞ்சு வருசமா எங்களை உள்ளுக்கை விடேல்லை."

சிரிப்பு நின்றது. சிவகாமி அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள். சொன்னவளின் கண் கலங்கியிருந்தது.

சுற்று முடிந்ததும் தூரிட் ஓடி வந்து, என்ன சொன்னாய் என்று கேட்டாள். அருள்ராணி சொல்லச் சொல்ல உருகிப்போனாள். வேலை உனக்குத்தான், இந்த வீட்டுக் கதையை ஒவ்வொரு சுற்றிலும் சொல் என்றாள்.

அருள்ராணி தலையாட்டி மறுத்தாள். ராஜாவின் கதையை எத்தனை தரமும் சொல்வாளாம், வீட்டைச் சொல்லமாட்டாளாம்.

நான் அவள் கையைக் கிள்ளினேன். "விசரி, ஓமெண்டு சொல்லனடி!"

அவள் அசையவில்லை. தூரிட் அவளிடம் கையை நீட்டினாள். சரி, ராஜா மட்டும் போதும், திங்கட்கிழமை வா என்றாள்.

வேலை கிடைத்தவள், ரயில் நாங்கள் குடியிருக்கும் ட்வெய்ட்டாவுக்கு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். "ஏன்டி, சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று ஏசினேன்.

"ஒவ்வொரு நாளும் சொன்னா, அதுவும் எனக்கு ராசா கதை மாதிரி வெறும் கதையாப் போயிடுமடி" என்றாள்.