உத்திரமேரூரில் ஒரு சீசா பலகை

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் போய் வந்தேன். எல்லோரும் போவது கல்வெட்டு பார்க்க. நான் போனது ஒரு அம்மாவும் மகளும் நிஜமாகவே எதிரும் புதிருமா என்று பார்க்க.

முன்கதை இல்லாமல் இது புரியாது. நான் படித்தது கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், இயந்திரங்களின் ஆட்டத்தை அடக்கும் இன்ஜினீயரிங். இப்போது உளவியல் துறையில் ஒரு மேடத்திடம் கணக்குப் போடும் வேலை. பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி என்றால், வழக்கமாக ஆயிரம் பேரிடம் ஒரு தடவை கேட்டு சராசரி எடுப்பார்கள். சராசரிப் பிள்ளை என்று ஒன்று எந்த வீட்டிலும் கிடையாது. நாங்கள் ஒரே பிள்ளையிடம் தினமும் மூன்று வேளை, மாதக்கணக்கில் கேட்கிறோம். மனசு எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி நகர்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பள்ளத்தில் இறங்கிய பைக் எத்தனை குதி குதித்து அடங்குகிறது என்று பார்த்தால் ஷாக் அப்சார்பரின் லட்சணம் தெரிந்துவிடும், இல்லையா? அதே கதைதான். திட்டு வாங்கிய பிள்ளை எவ்வளவு நேரத்தில் நிலைக்கு வருகிறது? வீட்டில் இன்னொருவரின் ஆட்டம் அதை எவ்வளவு ஆட்டுகிறது? அதற்காகப் பெற்றவரில் ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறோம். ஆளுக்கொரு பழைய செல்போன் கொடுத்திருக்கிறோம். நாங்கள் 'மனசு? 1–5' என்று எஸ்.எம்.எஸ். அனுப்புவோம், அவர்கள் ஒரு எண்ணை அனுப்புவார்கள். அவ்வளவுதான்.

உத்திரமேரூர் ஜோடி ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. மெஹருன்னிசா கடைத்தெருவில் வளையல் கடை நடத்துகிறார், கணவர் துபாயில். மகள் ஷபானா ஒன்பதாவது படிக்கிறாள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத அனுமதி வாங்கியாச்சு.) அம்மாவின் கோடு ஏறினால் மகளின் கோடு இறங்கும், அது ஏறினால் இது இறங்கும். அச்சு அசல் சீசா பலகை. சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். மேடம்தான் நம்பவில்லை, நேரில் போய்க் கேட்டுவிட்டு வா என்றார்.

அதற்குள் எங்கள் ஆள் ஒருவர் ரீசார்ஜ் கார்டு கொடுக்கப் போன இடத்தில் அந்த அம்மாவிடமே உளறிவிட்டார், நீங்கள் சிரித்தால் உங்கள் பெண் அழுகிறாள் என்று. மறுநாள் மெஹருன்னிசா மேடத்துக்கு போன் போட்டார். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கி, பெண்ணை ஆற்காட்டில் அக்கா வீட்டில் விட்டுவிடப் போகிறாராம். என்னை விட்டுத் தள்ளியிருந்தாலாவது நன்றாக இருக்கட்டும் என்றாராம். இனி பயணத்தை எங்கே தள்ளிப்போடுவது?

தாம்பரத்தில் காலை ஆறரைக்கு காஞ்சிபுரம் பஸ். இரண்டு மணி நேரம், இருபத்திரண்டு ரூபாய். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் இருபத்தெட்டு கிலோமீட்டர். பஸ் ரெடியாக நின்றது, கிளம்பத்தான் இல்லை. எப்போது எடுப்பீர்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"டிரைவர் டீ குடிச்சிக்கினு கீறாரு. முடிச்சா எடுப்பாரு."

எப்போது முடிப்பார் என்றேன்.

"டீ சூடா கீதே சார், நான் இன்னா பண்றது?"

ஓரிக்கை தாண்டி பாலாற்றுப் பாலம். ஆற்றில் மணல்தான். திருப்புலிவனம் பக்கம் வந்ததும் கண்ணுக்குப் பச்சை. ரோடு சுமார். ஒரு பள்ளத்தில் ஆரம்பித்த ஆட்டம் அடுத்த பள்ளம் வரை அடங்கவில்லை. அந்த பஸ்ஸுக்கும் வயது பதினாலு இருக்கும்.

கடையில் கரண்ட் இல்லை. மெஹருன்னிசா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். ஷபானா ஒரு மூலையில் வளையல்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள், மூஞ்சி உம்மென்று. ஆற்காடு விஷயம் அவளுக்கும் தெரிந்துவிட்டது போல. நான் லேப்டாப்பைத் திறந்ததும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"படம்லாம் வேணாம் தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் சிரிச்சிக்கினு கீறப்ப எம்பொண்ணு அயுவுறாளா, இல்லியா?"

சிஸ்டம், இணைப்பு என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. "அஞ்சுல வைடி" என்றார். ஷபானா எழுந்து ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினாள். பேச்சை மாற்றுவதற்காக, இப்போது உங்கள் மனசுக்கு என்ன எண் என்று கேட்டேன்.

"ஒண்ணு. இந்த ஃபேன் மாரிதான? அஞ்சுன்னா ஜோரா சுத்திக்கினு கீதுன்னு அர்த்தம். எனக்கு இன்னிக்கி எங்க சுத்துது?"

ஷபானாவைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே "அஞ்சு" என்றாள்.

"இந்த மூஞ்சிக்கு அஞ்சா?"

அடிமுட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ரேங்க் சார். நல்லாருந்தா ஒண்ணு, ஃபர்ஸ்ட்டு. இன்னிக்கி லாஸ்ட்டு."

எஸ்.எம்.எஸ். சுருக்கமாக இருக்கட்டும் என்று எந்தப் பக்கம் நல்லது என்பதையே நாங்கள் போடவில்லை. அம்மா ஃபேனைப் பார்த்து எண் போட்டார், மகள் ரேங்க் கார்டைப் பார்த்துப் போட்டாள். இருவருமே சரி. ஆறிலிருந்து அவளுடைய எண்களைக் கழித்தேன்; ஒன்று ஐந்தாகும், ஐந்து ஒன்றாகும். லேப்டாப்பில் ஒரே வரிக் கட்டளை. மகளின் சிவப்புக் கோடு புரண்டு வந்து அம்மாவின் நீலக் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. சேர்ந்தே ஏற்றம், சேர்ந்தே இறக்கம். என் தலைப்பு அந்த இடத்திலேயே காலி, எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. திரையை அந்த அம்மா பக்கம் திருப்பினேன். இரண்டு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒட்டிக்கினு கீது" என்றார். பிறகு, "இதுல யாரு யார இழுக்கறது?"

அது இந்தப் படத்தில் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒரு தடவை பட்டது போதும்.

"அவங்கதான் சார்" என்றாள் ஷபானா.

"வாயப் பாரு. வளையல ஒயுங்கா பிரிடி" என்றபடியே அவர் ஆற்காட்டுக்கு போன் போட்டார். "அக்கா, பொண்ணு வரல. சும்மாதான். இங்கியே இருக்கட்டும்."

பக்கத்துக் கடையிலிருந்து டீயும் சமோசாவும் வந்தன. மேடத்துக்கு என்று ஒரு டஜன் பச்சை வளையல் எடுத்தவர், கை அளவு கேட்டார். தெரியாது என்றேன். "இதயும் கேக்காமதான் வந்தியா?" என்றார். ஷபானா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

போகிறவர்களுக்கு: வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டு பாருங்கள். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களைச் சபைக்குச் சேர்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தால் காரணம் புரியும். திரும்பும்போது செங்கல்பட்டு வழியாக வந்தால் மின்சார ரயில் கிடைக்கும். லேப்டாப் பேட்டரியை நம்பாதீர்கள். பிள்ளைகளிடம் எண் கேட்கிறவர்கள், எது பெரிசு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டு பஸ்ஸில் வரும்போது சாயங்கால எஸ்.எம்.எஸ். பதில்கள் வந்தன. மெஹருன்னிசா: 5. ஷபானா: 5. இது எந்த ஐந்து? கடைக்கே போன் போடலாமா என்று எண்ணைத் தேடுவதற்குள் ஷபானாவிடமிருந்து இன்னொன்று வந்தது.

"ஃபேன் 5 சார்."