வெயிலில் இறங்கிய பனி

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் அதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் அப்போது வெளிநாட்டில், பனிமலை மேல் இருக்கும் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் இங்கே ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம், உச்சி வெயில், மழை பெய்து எத்தனையோ நாளாகிவிட்டது. திடீரென்று காலடியில் தொம்மென்று ஒரு சத்தம், நான் நின்ற தரை ஒரு விரற்கடை கீழே இறங்கியது. மண்சரிவுக்குப் பயந்தே வாழ்கிறவர்கள் நாங்கள், அதனால் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற பார்வதி அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, மண்ணு எறங்கின மாதிரி இல்ல?”

“மழையே இல்லாம மண்ணு எங்கடி எறங்கும்? வெயிலு தலைக்கு ஏறிருச்சா?”

குனிந்து பார்த்தேன், ஒரு வெடிப்புகூட இல்லை. ஏனென்று தெரியாது, கை தானாகப் போனை எடுத்து அவருக்கு அடித்தது. அங்கே அப்போது காலை நேரம்.

“எங்க இருக்கீங்க?”

“ராத்திரி வேலை முடிஞ்சு, கீழ ரூமுக்குக் குறுக்கு வழியில எறங்குறேன் ஜெயா. இப்பதான் காலடியில தொம்முனு பனி கொஞ்சம் எறங்குச்சு, பயந்துட்டேன்.”

எனக்குக் கேட்ட அதே சத்தம்.

“திரும்பி ஹோட்டலுக்கே போங்க. ஏன்னு கேக்காதீங்க.”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மூச்சு வாங்குவது கேட்டது, பிறகு லொறி லொறியாகக் கல் கொட்டுவது போல ஓர் இரைச்சல், பிறகு ஒன்றுமே இல்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிடாத குறையாகக் கத்திய பிறகுதான் குரல் வந்தது.

“மேல வந்துட்டேன். நடந்து வந்த வழியக் காணோம்.”

மேலே கிடக்கும் பனி, அடியில் உள்ள பலமில்லாத பனி மீது அமரும்போதுதான் அந்தச் சத்தம் வருமாம், சரிவு வருவதற்கு அதுவே அடையாளமாம், ஹோட்டல்காரர்கள் பிறகு அவரிடம் சொன்னார்கள். பனிக்கு அது சரி, தேயிலை மலையில் எனக்கு எப்படிக் கேட்டது? மறுநாள் போய் அதே இடத்தில் மிதித்து மிதித்துப் பார்த்தேன். கெட்டி மண்.

இப்போது அவர் ஊருக்கே வந்து, என்னோடு இதே தோட்டத்தில் வேலை செய்கிறார். நான் நின்ற இடம் எதுவென்று இன்றுவரை அவரிடம் காட்டியதில்லை. போன வாரம் பூச்சிமருந்து தெளிக்கும் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த நிரை வழியே நேராக வந்தவர், சரியாக அந்த இடத்துக்கு முன்னால் நின்று, சுற்றிக்கொண்டு போனார்.

“ஏன் சுத்திப் போறீங்க?” என்றேன்.

“தெரியல ஜெயா. அங்க கால் வச்சா மட்டும் குளிருது.”