அறுபத்துமூன்றாம் பக்கத்து இருமல்

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து மாத்திரை அட்டையில் மூன்று போதும் என்று ஒருவர் கேட்டால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடைப்பக்கமே மிஞ்சும்படி எதிர்முனையிலிருந்து வெட்டிக் கொடுப்பார். தேதியை வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்சம் ஏழும் அநாதை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாத்திரையைக்கூட அவர் அநாதையாக்கியதில்லை.

அப்படிப்பட்ட கைக்குத்தான் சட்டம் வந்தது. சான்றிதழ் இல்லாதவர் இனி கவுன்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. படித்துப் பரீட்சை எழுத வேண்டும், மூன்று வாய்ப்பு. சட்டம் போட்டவர்களுக்குத் தலைவலி வந்தால் கத்திரியிடம்தான் ஆள் அனுப்புவார்கள் என்பது வேறு விஷயம்.

நாற்பத்தாறு வயதில் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய மகள் வயது. பாடம் எடுத்த டீச்சர் அதைவிட இரண்டு வயது பெரியவர், அவ்வளவுதான்.

"மருந்துப் பேரோட தலையைப் பார்க்காதீங்க, வாலைப் பாருங்க" என்றார் டீச்சர். "ப்ரில்னு முடிஞ்சா ஒரு குடும்பம், ரத்த அழுத்தத்துக்கு. லால்னு முடிஞ்சா இன்னொரு குடும்பம், இதயத் துடிப்பை அடக்கும். ஸ்டாட்டின்னா கொழுப்பு. ப்ரசோல்னா வயித்துல சுரக்கிற அமிலம்."

"எங்க குடும்பத்துலயும் எல்லாருக்கும் வால் உண்டு டீச்சர். ஆனா அதை வச்சு யாரையும் அடக்க முடியல."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அதன் பிறகு இரண்டு தடவை பரீட்சை நடந்தது. இரண்டு தடவையும் சிரிக்க எதுவும் இல்லை. தேற ஐம்பது வேண்டும். முதல் தடவை நாற்பத்தொன்று, அடுத்த தடவை நாற்பத்தாறு. 'இந்த மருந்து எந்த வகையைச் சேர்ந்தது?' என்ற கேள்விக்கு 'மூன்றாவது தட்டு, இடது மூலை' என்று எழுதியிருந்தார். தட்டு சரி. விடை தப்பு.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். "கத்திரி, இதுதான் கடைசி. இதுலயும் போச்சுன்னா உங்கள கவுன்டர்ல நிறுத்த எனக்கு வழியில்ல. இன்ஸ்பெக்டர் வந்தா என் லைசென்ஸுக்குத்தான் ஆபத்து. பின்னாடி அட்டைப்பெட்டி பிரிக்கிற வேலை இருக்கு, அதப் பார்த்துக்கலாம்."

"அட்டைப்பெட்டியா?"

"பெட்டியும் அட்டைதானே கத்திரி" என்று முதலாளி ஆறுதல் சொன்னார். சிலருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாயை மூடிக்கொள்ளவும் தெரியாது.

வீட்டில் படிக்கக் கிடைத்த நேரம் காலை ஐந்தரையிலிருந்து எட்டு. கிடைத்த இடம் முன்னறையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு துணித்திரை. திரைக்குப் பின்னால் மனைவியின் அம்மா. அவருக்கு இருமல்.

சாதாரண இருமல் இல்லை. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிற குறும்புக்காரன் மாதிரி வரும். அடங்கிவிட்டது என்று புத்தகத்துக்குத் திரும்பினால் மறுபடி தட்டும். ரத்த அழுத்தத்துக்கான மருந்துகள் அறுபதாம் பக்கத்தில் தொடங்கின. அறுபத்திரண்டைத் தொடும்போது இருமல் வரும். வாசித்தது மறந்துபோகும். மறுநாள் மறுபடி அறுபது. இப்படியே ஒரு மாதம் போனது. அறுபத்துமூன்றாம் பக்கம் அச்சாபீஸிலிருந்து வந்த வாசனையோடு அப்படியே இருந்தது.

"அம்மாவை டாக்டர்கிட்ட காட்டிடலாமாங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "வீட்டுலயே மருந்துக்கடை மாப்பிள்ளை இருக்கும்போது டாக்டர் எதுக்குடி?"

கத்திரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சிவப்பு சிரப் கொண்டுவந்தார். பிறகு பச்சை. பிறகு பழுப்பு. ஜன்னலோரம் காலி பாட்டில்கள் எட்டு சேர்ந்தன. இருமல் எட்டையும் தாண்டி நடந்தது.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். இருமல் பஞ்சைத் துளைத்தது. கடையின் சரக்கறையில் உட்கார்ந்து படித்தார்; "கத்திரி, அந்த ஆயின்மென்ட் எங்க?" என்று நிமிடத்துக்கு ஒரு குரல் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் படித்தார். பேருந்துகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு காலத்தில் அவருடைய பிரச்சினையே பேருந்து வராததுதான்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. அன்று காலை அறுபத்தொன்றிலேயே இருமல் வந்துவிட்டது. கத்திரி புத்தகத்தை மேஜையில் அறைந்தார்.

"ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் இருமாம இருக்க முடியாதா அத்தை? என் சோத்துல மண்ணு விழப்போகுது, தெரியுதா?"

வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு மாமியார் வெளியே வந்தார். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இருமல் வெளியே கேட்கக் கூடாதென்று வாளியில் தண்ணீரைக் கொட்டவிட்டு இருமிக்கொண்டிருந்தார். தண்ணீரும் கேட்டது, இருமலும் கேட்டது.

"தண்ணி வீணாகுது அத்தை!" என்றார் கத்திரி.

குழாய் நின்றது.

அந்த மூன்று நாளும் மாமியார் விடிந்ததும் குளியலறைக்குப் போய்விடுவார். எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார். குழாயைத் திறக்கவில்லை. கத்திரியால் படிக்க முடியவில்லை. இருமல் கேட்டபோது இருமலால் முடியவில்லை. கேட்காதபோது, அடுத்தது எப்போது என்று காது கதவிலேயே கிடந்தது.

பரீட்சை அறையில் முதல் முப்பது கேள்வி ஓரளவு ஓடியது. அதற்குப் பிறகு அறுபத்துமூன்றும் அதைத் தாண்டிய பக்கங்களும் வரிசை கட்டி நின்றன. நாற்பத்தொன்றாவது கேள்வி: 'ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மருந்து தொடங்கிய ஒருவருக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாத வறட்டு இருமல் தொடர்கிறது. இந்தப் பக்க விளைவு எந்த வகை மருந்தால் வந்திருக்கலாம்?'

கத்திரி கேள்வியை இரண்டு தடவை படித்தார். நான்கு மாதத்துக்கு முன்பு டாக்டர் எழுதிய சீட்டு கண்முன் வந்தது. அத்தைக்கு அழுத்தம் கூடியிருந்தது, தினமும் காலையில் ஒன்று. மூன்றாவது தட்டு, இடது மூலை. வால் ப்ரில். மாதாமாதம் எடுத்துவந்து கொடுத்தது இதே கை. அதே கைதான் எட்டு பாட்டில் சிரப்பையும் கொண்டுவந்தது. மாத்திரையால் வந்த இருமலுக்குச் சிரப்.

விடையை எழுதினார். படிக்காத பக்கத்திலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே விடை. அதற்குப் பிறகு தெரிந்த கேள்விகளும் தெரியாமல் போயின. தாளைப் பார்த்தால் சாத்திய குளியலறைக் கதவு தெரிந்தது. மணி அடித்தபோது பதினாறு கேள்வி வெறுமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தை, கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகணும்."

"பரீட்சை என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"கிளம்புங்க அத்தை."

மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் மாற்ற வேண்டும் என்று கத்திரிக்குத் தெரியும். அது பதினொன்றாம் பக்கம். டாக்டர் சீட்டைப் பார்த்தார், வேறு குடும்பத்து மாத்திரை எழுதினார். "இவ்வளவு நாள் ஏன் வரல?" என்று கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார். "எனக்குத்தான் சோம்பேறித்தனம் டாக்டர்."

இருமல் முழுசாக அடங்க மூன்று வாரம் ஆனது. அதே வாரம் முடிவும் வந்தது. நாற்பத்தெட்டு.

கவுன்டரில் இப்போது சான்றிதழ் வைத்திருக்கிற பெண் நிற்கிறாள். கெட்டிக்காரி, மருந்து வகை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கத்திரிக்கோல் அவள் கையில். முதல் நாளே ஓர் அட்டையைத் தேதி இருக்கிற பக்கத்திலிருந்து வெட்டினாள். பின்னால் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. மேஜையில் உட்கார்ந்தார். வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. திரை விலகியது. முடிவு வந்ததை மாமியாரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்; சொல்லிவிடாதே என்று கத்திரி கண்ணைக் காட்டினார்.

"இப்ப படிங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். "இனிமே நான் சத்தமே போடமாட்டேன்."

கத்திரி புத்தகத்தை எடுத்தார். அறுபத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்து, அத்தைக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.