விடியுமுன் திறந்த கதவு

கீழ்புத்துப்பட்டில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "செலின் டீச்சர் போயிட்டாங்க. நெஞ்சுவலி." எந்த டீச்சர் என்று தெரிந்தும் மறுபடி கேட்டேன்.

செலின் அக்கா மரக்காணம் உப்பளத்துக் குடியிருப்பில் அங்கன்வாடி ஆசிரியர். நான் கீழ்புத்துப்பட்டு மையத்தில். அவர் வாய் எப்படிப்பட்டது என்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும்.

உப்பு வார அங்குள்ளவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும். தூங்கும் பிள்ளைகளை உள்ளே விட்டுப் பூட்டி, சாவியைத் தெருமுனைக் கடை ஆணியில் மாட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். பிள்ளை அழுதால் கடைக்காரர் திறந்து பார்ப்பார் என்ற நம்பிக்கை. கோயில் காரியத்துக்கெல்லாம் முன்னால் நிற்கும் மனிதர் அவர். ஒரு சிறுமி சாவிச் சத்தம் கேட்டாலே மையத்து மேசைக்கடியில் ஒளிவதை அக்காதான் கவனித்தார். அவளாகச் சொல்லும்வரை பொறுத்திருந்தார். பிறகு அவள் அம்மாவுடன் போய்க் கடைக்காரர் மேல் போலீசில் புகார் கொடுத்தார்.

ஊர் அக்கா மேல்தான் பாய்ந்தது. "ஊர் மானமே போச்சேம்மா" என்றார் ஒரு பெரியவர். "மானம் ஊருக்கு, வலி மட்டும் புள்ளைக்கா?" என்று கேட்டார் அக்கா. அதன்பின் அவர் போட்ட விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ பிஸ்கட்டைப் பிரித்து, "நாமளாவது சாப்பிடுவோம் வா" என்றார்.

வராதவர்களைத் தேடி உப்பளத்துக்கே போனார். டீ குடிக்கும் நேரத்தில் வரப்பில் நின்று, "கதவ பூட்டிட்டா பயமில்லன்னு நெனைக்கிறீங்க. சாவி யார்கிட்ட இருக்குதுங்க?" என்று கேட்டார். ஒருத்தி, "அப்போ புள்ளைங்கள எங்க விடுறது, நீங்களே சொல்லுங்க" என்றாள். மறுநாள் விடியுமுன் அக்கா மையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் வந்தன.

அடக்கத்தன்று அந்தச் சிறுமி என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு யாரு கதவ தொறப்பாங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் இருட்டோடு வண்டியில் மரக்காணம் போனேன். வழக்கு இன்னும் நடக்கிறது. கடையைக் கடைக்காரரின் தம்பி பார்த்துக்கொள்கிறார். அதே ஆணியில் அதற்குள் இரண்டு சாவிகள் தொங்கின. நேரே போய் மையத்தைத் திறந்தேன்.

அக்காவின் மையச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. அது சத்தம் போடாதபடி பழைய சேலைத்துணியைச் சுற்றி வைத்திருந்தார். அந்தத் துணியை நான் அவிழ்க்கவில்லை.