இறால் ஓட்டுத் தூள்

போன மாதம் மகள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் காயத்தின்மேல் வெள்ளையாக ஒரு மருந்துத் துண்டை வைத்து அழுத்தினார். "இறால் ஓட்டுல இருந்து எடுக்குறதுங்க. ரத்தத்த வெரசா நிறுத்திரும்" என்றார். இறால் என்றதும் என் கை மகளின் முதுகுக்குப் போய்விட்டது. மூச்சு சீராக வருகிறதா என்று தடவிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளுமா, ஒத்துக்கொள்ளுமா என்று மூன்று தடவை கேட்டிருப்பேன். "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல மேடம், நீங்க மொதல்ல உக்காருங்க" என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, எங்கள் ஊரான பூம்பாறையில் எங்கள் வயலில் போட்ட பூண்டு தொடர்ந்து இரண்டு போகம் வீணாகிவிட்டது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். பூண்டு சுண்டைக்காய் அளவுக்குக்கூடத் தேறாது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கிறது என்றார்கள். தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, இதைக் கேள்விப்பட்டு ஆறு மூட்டை காய்ந்த இறால் ஓடும் நண்டு ஓடும் கொண்டுவந்து இறக்கினார்.

அந்த ஓட்டில் கைட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். புழுவின் முட்டைத் தோலிலும் அதேதானாம். ஓட்டைப் பொடித்து மண்ணில் கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, முட்டைகளையும் சேர்த்துத் தின்றுவிடும் என்றார் மாமா. ஆனால் கலந்த உடனே நடக் கூடாது, பயிர் கருகிவிடும். ஒரு மாதமாவது மண்ணை ஆறப்போட வேண்டும். சித்திரையில் நடவு என்றால் பங்குனிக்குள் பொடித்தாக வேண்டும்.

அப்பாவோ உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரை வீட்டில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அம்மாவும்தான்.

"கவிச்சியக் கொண்டாந்து வாசல்ல எறக்கிருக்க. அறிவிருக்கா மாப்ள?" என்றார் அப்பா.

"சாமி, இது எறால் இல்ல. எறாலோட சட்டை."

"உன் சட்டை நாறுறது பத்தாதா?"

எல்லோரும் சிரித்தோம். அப்பா மூட்டையைத் தொடவில்லை. அவர்மேல் குற்றமில்லை; ஊரில் பாதிப் பேர் மாலையோடு இருந்தார்கள், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மாவு மில்லிலும் அரைத்துத் தர மாட்டார்கள். "நாஞ் செய்றேன் சாமி" என்று அம்மா சொன்னாள். மறுநாளே மாமா லாரி ஏறிப் போய்விட்டார்.

உருளைக்கிழங்குக் கொட்டகையில் உரலைப் போட்டுக் கொடுத்தார்கள். கொட்டகைக்கு ஜன்னல் இல்லை, ஒரே கதவு. மாலை போட்டவர்கள் பாதையில் போகும்போது வாடை போகாமல் கதவை மூடும் சோலி எனக்கு. அப்பாவே என்னை அழைத்துச் சொன்ன வேலை என்பதால் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே, மூடித் திறந்து மூடுவதைவிட மூடியே வைத்திருப்பது உத்தமம் என்று முடிவுசெய்தேன். சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலும் செய்கிற குணம் எனக்கு அப்போதே இருந்தது.

அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் இடித்தாள். கதவிடுக்கில் பார்த்தால் உள்ளே மஞ்சு இறங்கினதுபோல வெளுப்பாக இருக்கும். அவள் புருவமும் வெளுத்திருக்கும். இரண்டாம் நாள் இருமல் வந்தது. மூன்றாம் நாள் உலக்கைச் சத்தம் நின்று நின்று கேட்டது.

"பாப்பா, கதவக் கொஞ்சம் தெறந்து விடு. நெஞ்ச அடைக்குது."

"சாமிங்க வர்றாங்கம்மா."

பாதையில் ஒருவரும் வரவில்லை. வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

"சரி, அவங்க போகட்டும்" என்றாள். மறுபடி உலக்கைச் சத்தம் கேட்டது.

"ஒரு பொட்டு வாடை வரல. என் பொண்ணு பொண்ணுதான்" என்று சாயங்காலம் அப்பா சொன்னார். அந்த வார்த்தையை நான் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் பழனியிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவோடு திரும்பியபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். ஓட்டுத் தூள் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அந்தச் சத்தம் பிறகு அவளை விட்டுப் போகவேயில்லை.

பூண்டு அந்த வருடம் நன்றாக வந்தது. அம்மாவால் மேட்டு வயலுக்கு ஏறிப்போய் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு கூடையில் எடுத்துவந்து காட்டினோம். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். ஒரு தடவைகூடக் கதவைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் கிடையாது. நான்தான் முதுகைச் சாய்த்து, குதிகாலை மண்ணில் ஊன்றி அதைப் பிடித்திருந்தேன். வயதுக்குத் தகுந்த எடைகூட எனக்கு அப்போது இல்லை. உள்ளே இருந்தவள் ஒரு மூட்டைப் பூண்டைத் தலையில் வைத்து வயலிலிருந்து ரோடு வரைக்கும் இறக்குகிறவள். மூன்று நாளும் அவள் கதவைத் தள்ளவேயில்லை. என் பலத்தில்தான் அது மூடி நிற்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.