பாண்டி கேட்ட லீவு

போன ஞாயிற்றுக்கிழமை தோற்றுப்போனோம். இருபத்தாறுக்குப் பதினொன்று. பாஸ்கட் பாலில் இதற்குப் பெயர் தோல்விகூட இல்லை... மைதானத்துக்கு நாங்களும் வந்திருந்தோம் என்பதற்கு ஓர் அத்தாட்சி. அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் எதிர் டீமின் தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "சார், இந்த வாரம் இதை எழுதுவீங்கள்ல? போன தடவ எழுதுனீங்களே, அதே மாதிரிப் பெருசா எழுதணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் பக்கத்தில் ஒருவன் நின்றான். தங்கராசின் சட்டை மடிப்புக் கலையாமல் அவன் முழங்கையில் தொங்கியது. தங்கராசின் கைக்கடிகாரம் அவன் உள்ளங்கையில் இருந்தது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீகளாண்ணே?" என்று கேட்டான்.

அவன் எங்கள் பாண்டி. மதுரையில் அவனைப் போலக் கூடையைக் காத்தவன் வேறு யாருமில்லை.

"எழுதுறேன்" என்று தங்கராசுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த கட்டுரை இது அல்ல.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் டீமைத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன். வைகைக்கு வடகரையில் ஒரு பொட்டல். இரண்டு தேக்குக் கம்பம், வண்டிப்பட்டறையில் அடித்து வாங்கிய இரண்டு இரும்பு வளையம். நான் சென்னையில் படித்த இரண்டு வருஷத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். சுமாராகக்கூட ஆட வரவில்லை. அதனால் மானேஜர் ஆகிவிட்டேன்... சுமாராகக்கூட ஆட வராதவர்கள் வேறு என்னதான் ஆவது?

டீமுக்கு ஐந்து பேர். அதில் இரண்டு பேர் நம் கூடைக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிறவர்கள். கார்டு என்பார்கள். எங்களுக்குக் காசிமும் பாண்டியும். காசிமுக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. பந்து கிடைத்தால் எதிர்க் கூடைக்கு ஓடிவிடுவான். ஓடட்டும் என்று விட்டிருந்தோம். பின்னால்தான் பாண்டி இருக்கிறானே!

பாண்டி அலங்காநல்லூர்க்காரன். உடனே நீங்கள் மாடு, திமில் என்று நினைப்பீர்கள். அவனுக்கு மாடு என்றால் பயம். கீழமாசி வீதியில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிற வேலை. அவன் யாரையும் இடிக்க மாட்டான், தள்ள மாட்டான். கைகளை விரித்துக்கொண்டு எதிராளியின் இடுப்பையே பார்ப்பான். ஏனப்பா, கண்ணைப் பார்க்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணு ஏமாத்திப்புடும்ணே. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ, ஆளு அந்தப் பக்கந்தேன் போவான்" என்றான். ஐந்து பேரை எப்படி நிறுத்தினாலும் அவனை நடுவில் வைத்துத்தான் நிறுத்துவோம். வீட்டுக்கு நடுத்தூண் போல.

தங்கராசு மில் டீமின் ஃபார்வர்டு, முன்னால் நின்று கூடை போடுகிறவர். கொட்டாம்பட்டிக்காரர். இரண்டு வருஷம் பாண்டி அவரை மறித்தான், அவர் பாண்டியைத் தாண்டப் பார்த்தார். பத்து முறை பாய்ந்தால் இரண்டு முறை தாண்டுவார். எட்டு முறை முடியாது. ஆனால் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைப் பார்த்துத்தான் பாண்டிக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. "ரெண்டு வருசமாப் பாக்குறேண்ணே. எம்புட்டு மறிச்சாலும் கோவப்படாத ஆளு. செல்லத்த நம்பிக் குடுக்கலாம்" என்றான்.

செல்லம் அவன் தங்கை. தை மாதம் அவளுக்கும் தங்கராசுக்கும் கல்யாணம் நடந்தது. யுத்தத்தால் பெட்ரோல் இல்லாத காலம் அல்லவா? கரியில் ஓடுகிற பஸ்ஸில் புகையோடு புகையாகப் போய் நாங்களும் சாப்பிட்டு வந்தோம்.

ஆனி மாதம் ஷீல்டு ஃபைனல். நாங்களும் மில் டீமும்.

முதல் நாள் சாயங்காலம் பாண்டி என் ஆபீஸ் வாசலுக்கு வந்தான். "அண்ணே, நாளைக்கு ஒரு மாட்சு மட்டும் எனக்கு லீவு குடுங்கண்ணே."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே. மாப்ளய எப்படிண்ணே மறிக்கிறது? பொண்ணக் குடுத்துருக்கோம். அவுக சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் நாளைக்குப் பாக்க வாராக."

"தை மாசத்துக்கு முன்னாடி மறிச்சே இல்ல?"

"அப்ப அவுக தங்கராசுண்ணே. இப்ப மாப்ள. குடுக்குற கைண்ணே நம்ம கை... அவுக கையில இருக்குறத எப்படிண்ணே புடுங்குறது?"

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படித்தான் விளக்குவான்? நம் ஊரில் பெண் கொடுத்தவன் மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காரவே இரண்டு தடவை யோசிப்பான். எனக்கு இது தெரியாதா? என் மைத்துனர் இன்றுவரை என் முன்னால் கால்மேல் கால் போட்டதில்லை. நானும் போடச் சொன்னதில்லை.

ஆனால் அந்த வாரம்தான் இதே பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்—ஷீல்டு எங்களுக்குத்தான் என்று. நீங்களும் வாழ்த்திக் கடிதம் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதங்கள் என் சட்டைப் பையில் இருந்தன. "அதெல்லாம் முடியாதுப்பா. வந்து சேரு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

முதல் பாதியில் கொஞ்சம் இரக்கம் காட்டினேன். தங்கராசை மறிக்கக் காசிமை விட்டேன். காசிம் எங்கே நிற்பான்? தங்கராசு ஐந்து கூடை போட்டார். ஹாஃப் டைமில் எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாண்டியின் முன்னால் போய் நின்று ஒரு வசனம் பேசினேன். "பாண்டி, கோட்டுக்கு உள்ளே மாப்பிள்ளையும் இல்லை, மச்சானும் இல்லை. நீ தங்கராசைப் பிடி!"

பேசிவிட்டு, எவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கே தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.

பாண்டி அடித் தொண்டையில், "வேணாம்ணே" என்றான். ஒரே முறைதான் சொன்னான். பிறகு எழுந்து போய்த் தங்கராசின் முன்னால் கைகளை விரித்தான்.

அதற்கப்புறம் தங்கராசுக்கு ஒரு கூடைகூட விழவில்லை. கடைசி நிமிஷத்தில் அவர் வளையத்துக்குப் பக்கத்தில் எம்பினார். பாண்டி பந்தை மட்டும் தொட்டான்—சத்தியமாகப் பந்தை மட்டும்தான்—பந்து அவன் கைக்கு வந்தது. தங்கராசு கால் தடுமாறி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். காசிம் ஓடிப்போய் மறு கூடையில் போட்டான். ஒரு கூடை வித்தியாசத்தில் ஷீல்டு எங்களுக்கு!

கூட்டம் கத்தியது. தங்கராசு எழுந்தார், வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டுவதுபோல் கால்சட்டையைத் தட்டினார், பாண்டியின் தோளைத் தொட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆமாம், சிரித்தார். பாண்டி சரியாகத்தான் கணித்திருந்தான். கோபப்படாத ஆள்.

அதோடு முடிந்திருக்கும். நான் முடிய விடவில்லை.

அடுத்த வாரம் வெற்றிக் கட்டுரை எழுதினேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என் வசனத்தையே தலைப்பாகப் போட்டேன். மாப்பிள்ளையை மண்ணில் உட்கார வைத்த மச்சானைப் பற்றி ரசித்து ரசித்து ஒன்றரைப் பத்தி. பெயர், ஊர் எல்லாம் கொடுத்திருந்தேன். கைதட்டிச் சிரித்ததாக நாற்பது பேர் கடிதம் எழுதினீர்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிப் பதிலும் போட்டேன்.

கொட்டாம்பட்டியில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். நம் ஊர்களில் அதுதானே வழக்கம்? என் கட்டுரையை அங்கே மூன்று நாள் படித்திருக்கிறார்கள். தங்கராசின் அப்பா கடைப் பக்கம் வந்தால் முதலிலிருந்து மறுபடியும். எழுதும்போது நாம் படிப்பவரைத்தான் நினைக்கிறோம். படிக்கக் கேட்டுக்கொண்டு நிற்பவரை யார் நினைக்கிறார்கள்?

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வருகிற வழக்கப்படி செல்லம் அலங்காநல்லூருக்கு வந்தாள். ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப் போக வேண்டும். ஆவணி வந்தது. அவர்கள் வரவில்லை. ஆவணியும் பாதிக்கு மேல் போனது. "பொண்ணு இன்னுமா இங்க இருக்கு?" என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. பாண்டி பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மண்டியில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் மறுபடியும் ஆபீஸ் வாசலில் நின்றான். கொட்டாம்பட்டிக்கு அவனே நேரில் போய்விட்டு வந்திருந்தான்.

"அவுக அப்பாதேன் வாசல்ல உக்காந்திருந்தாருண்ணே. தோத்தது பெருசில்ல தம்பி, கடையில படிச்சுக் காட்டுனாய்ங்க பாரு, அதேன் தாங்கல அப்படின்னாரு. அடுத்த வருசமும் ரெண்டு டீமும் மோதுமுல்ல, அப்பவும் படிப்பாய்ங்கல்லன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இனிமே பந்தத் தொட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேண்ணே." பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோல், "வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாகளாம்" என்றான்.

என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ, "அப்ப டீமுக்கு என்னப்பா பண்றது?" பாண்டி கொஞ்சநேரம் யோசித்து, "காசிம ஓடவிடாதீகண்ணே" என்றான். போய்விட்டான்.

அதன் பிறகு நான் பட்ட பாடு! சாப்பாட்டு மேஜையில் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து நகர்த்திக்கொண்டே இருப்பேன். காசிமைப் பின்னாலேயே நிறுத்தினேன். கூடை காப்பாற்றப்பட்டது, ஆனால் எங்களுக்கு ஒரு கூடையும் விழவில்லை. முன்னால் ஆடுகிற இரண்டு பேரையும் முறை வைத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருவராகப் பின்னால் வரச் சொன்னேன். யார் முறை என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கூடை விழுந்தது. ஆளை மறிக்காமல் ஆளுக்கோர் இடத்தைக் காக்கச் சொன்னேன். ஐந்து பேரும் அவரவர் இடத்தை ஒழுங்காகக் காத்தார்கள். பாண்டி நின்ற இடத்தில் மட்டும் யாரும் இல்லை.

ஒருநாள் என் மனைவி சோற்றுத் தட்டை வைக்க இடமில்லாமல் நின்றாள். "என்னங்க இது, தெனமும் கொட்டைய உருட்டிக்கிட்டு? அந்தத் தம்பி வீட்டுக்குப் போயி ஒரு வார்த்த மன்னிச்சுக்கப்பான்னு சொல்லிட்டு வந்தீகளா?"

இல்லை. ஆடுகிறவர்களை இருபது விதமாக மாற்றிப் பார்த்தேன். அந்த ஒரு வேலையைச் செய்யவில்லை. ஆளை இழந்துவிட்டு ஆட்டத்தைச் சரிசெய்கிறவர்கள் எல்லாருமே இப்படித்தானோ? பள்ளத்தை எப்படி மூடுவது என்று பேசிக்கொண்டே இருப்போம்... வெட்டினது யார் என்ற பேச்சை மட்டும் எடுக்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன். தங்கராசு பந்தோடு பாய்ந்தபோதெல்லாம் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே மில் டீமின் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டி தங்கராசின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கராசு எந்தப் பக்கம் திரும்பப் போகிறாரோ, அந்தப் பக்கம் பாண்டியின் தோள் ஒரு கணம் முன்னாலேயே சாய்ந்தது. காசிம் எதிர்ப் பக்கம் போவான். கூடை விழும். மடியில் மாப்பிள்ளையின் சட்டை கசங்காமல் பார்த்துக்கொண்டு பாண்டி கைதட்டுவான்.

செல்லம் நன்றாக இருக்கிறாளாம். அவனே சொன்னான். அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துதான் இருந்தது.

தங்கராசு, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். அன்று உங்களுக்குப் பத்துக் கூடை விழுந்தன. அத்தனையும் அழகானவை. கொட்டாம்பட்டிக் கடையில் இதைப் படிக்கிறவர் எவரோ, அவருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரையும் பாண்டியின் பெயரையும் மெதுவாகப் படிக்கட்டும். கட்டுரைக்குக் கீழே இருக்கிற என் பெயரை மட்டும் எவ்வளவு உரக்க முடியுமோ அவ்வளவு உரக்கப் படிக்கட்டும்.

ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் அவன் லீவு கேட்டான்.